சாயவேர்ச் சிவப்பு

பிள்ளையின் அப்பாவுக்கு,

போன மாதம் நீங்கள் போனில் கூப்பிட்டபோது, ஓடிப்போய்ப் பவுடர் பூசிக்கொண்டு வந்துதான் எடுத்தேன். குரல் மட்டும்தான் வந்தது. இந்த வயதில் எனக்கு இப்படியொரு கூத்து.

உங்கள் அம்மாவின் பெட்டியில் இருக்கும் சிவப்புப் போர்வையைக் கேட்டீர்கள். அதன் பழைய சாயத்தை அங்கே வெளிநாட்டில் ஆராயப்போகிறார்களாம். ஆராய்ச்சிதானே, இங்கேயும் செய்வார்கள் என்று நானே பல்கலைக்கழகக் கம்பசுக்குக் கொண்டுபோனேன். நிலானி என்றொரு பிள்ளை ஒரேயொரு நூலை எடுத்து மெசினில் வைத்துப் பார்த்தாள்.

“அன்ரி, கடைச் சாயம் துளியும் இல்ல. சிவப்பு முழுக்கச் சாயவேர அவிச்சு எடுத்தது. கறுப்புக் கோட்டில இரும்பு கலந்திருக்கு, அது நூலத் தின்னுது. ஆரும் போர்த்தினா பிஞ்சிரும்.”

“எங்கட வீட்டுக்காரரும் அப்பிடித்தான் மகள், தோளில நிக்கமாட்டார்,” என்றேன். பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நம் கல்யாணத்தன்று கோயிலில் அதை எனக்குப் போர்த்த உங்கள் அம்மா விடவில்லை. பரம்பரைச் சாமானாம், வாவியில் வலை வீசுகிறவன் மகளின் தோளுக்கு ஆகாதாம்.

திரும்பி வரும்போது உங்கள் தங்கச்சியைக் கண்டேன்.

“மச்சி, போர்வைய அனுப்பிட்டீங்களா? தையில அண்ணன்ட கலியாணமெல்லோ, புதுப்பொம்பிளைக்குப் போர்த்த வேணுமாம்,” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆராய்ச்சி நல்லபடி நடக்கட்டும்.

தபால் கந்தோரில் பொதிக்குள் என்ன என்று கேட்டார்கள். எடுத்துப் போர்த்திக் காட்டினேன். கறுப்புக் கோடுகள் வழியே நான்காகப் பிரிந்தது. நான்கையும் மடித்து அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி