கரையான் தின்ற நான்கு விரல்

மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் உன் வாசனை வந்தது. ஊரில் பெண்கள்மீது மல்லிகை மணக்கும். இரண்டு வருடமாக உன்மீது வீசியது இந்தப் பெயின்ட்தான். சிதம்பரம் அறையைக் காலி செய்து, சென்னை வேலைக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். டப்பாவுக்குப் பின்னால் நம் அளவுக்குச்சியும் நின்றது.

மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில் உன் அம்மாவுக்கு நம் ஆராய்ச்சியைப் புரியவைக்க நீ பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? "செயற்கைக்கோள் மேல இருந்து பச்சைய மட்டுந்தாம்மா பாக்கும். மரத்துல எவ்ளோ கார்பன் இருக்குன்னு நாங்க கீழ அளந்து சொன்னாத்தான் அதுக்குப் புரியும்" என்றாய். "அப்ப அத எதுக்கு மேல அனுப்புனாங்க?" என்று கேட்டார் அம்மா.

அண்ணாகிராமத்துப் பக்கம் செம்மண் மேட்டில், முந்திரியும் வேம்பும் முள்ளும் கலந்த வறண்ட நிலத்தில் முப்பது இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். மரத்தடியில் குச்சியை நிறுத்துவோம். அதன் தலை தொடும் உயரத்தில் மஞ்சள் கோடு போட்டு, அங்கே சுற்றளவு எடுத்து, அதிலிருந்து கார்பனைக் கணக்கிடுவோம். பஸ்ஸில் குச்சியைக் கண்டாலே கண்டக்டர் முகம் சுளித்தார். "தோப்புக் கொட்டகையிலயே சாத்தி வச்சிடலாம்டி" என்று சொன்னது நான்தான்.

முப்பதாவது இடத்தை முடித்த அன்று, முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா குச்சியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, அடிய கரையான் தின்னுருக்கு! இத வச்சா இத்தினி நாளா அளந்தீங்க?"

நான்கு விரல் குறைந்திருந்தது. கீழே இறங்க இறங்க மரம் பருக்கும். ஆக, நம் கணக்கில் மரத்துக்கு மரம் இல்லாத கார்பன் ஏறி உட்கார்ந்திருந்தது.

"வுடுடி, நாலு விரலு மேல இருந்து தெரியவா போவுது" என்றேன்.

"அதுக்குத் தெரியாது. நம்மள நம்பித்தான அது சுத்திக்கினு இருக்கு" என்றாய்.

கொட்டகையில் வைக்கச் சொன்ன என்னால் வந்த வினை என்று ஒரு நாளும் நீ சொல்லிக்காட்டவில்லை. குச்சியின் அடியில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி உயரத்தைச் சரிக்கட்டினாய். எந்த நாளிலிருந்து குறைந்தது என்று தெரியாததால் முதல் மரத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். பழைய கோட்டுக்கு மேலே புதுக்கோடு போட்டுக்கொண்டே வந்தோம். பத்தொன்பது இடம் முடிந்தபோது காய்ச்சல் என்று கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சண்டை போட நீ இல்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மிச்சம் பதினொன்று. அவற்றுக்குப் பழைய எண்களையே போட்டு ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டு ரயிலேறுவதாக இருந்தேன். செயற்கைக்கோள் படத்தோடு எண்கள் அழகாகப் பொருந்தின, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்தக் குழாய்த் துண்டைக் கையில் பிடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

சென்னைக்கு ஃபோன் செய்து, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மரங்கள் இதற்குள் வளர்ந்திருக்கும். அந்தப் பதினொரு இடங்களையும் இந்த வருடத்துப் படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இன்னும் ஆறு மாத வேலை. உதவித்தொகையும் முடிந்துவிட்டது. டியூஷன் எடுத்துச் சமாளித்துக்கொள்வேன். இந்த வறண்ட மண்ணை அளப்பதுதான் என் பிழைப்பு என்றால், அளவு சரியாக இருக்கட்டும்.

இன்று குச்சியைப் பஸ்ஸில் கையோடு கொண்டுபோனேன். கண்டக்டர் முறைத்தார். நானும் முறைத்தேன்.

இருபதாவது இடத்து வேம்பில் உன் பழைய கோடு வெளுத்துக் கிடந்தது. நீ போடும் கோடு எப்போதும் வலப்பக்கம் சற்றுச் சாயும். அதற்கு நான்கு விரல் மேலே என் கோட்டைப் போட்டேன். உன்னுடையதை அழிக்கவில்லை.

இன்னும் பத்து இடம் இருக்கிறது.