கோதுமை துளியும் இல்லை

ஜூன் 16, திங்கள்

காற்று. விடிந்ததிலிருந்து ஜன்னல் டமார் டமார். மழை மட்டும் இல்லை. மாடியில் காயப்போட்டதில் பாதி பக்கத்து வீட்டு முருங்கையில்.

கனிஷ்காவுக்கு மறுபடி வயிற்று வலி. பள்ளிக்கூடம் இல்லை. எடை பார்த்தேன், இன்னும் இறங்கியிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது ஒரு எடையா? கண்ணுக்குக் கீழே குழி.

சேலம் டாக்டர் சொன்னதைத்தான் வரிக்கு வரி செய்கிறேன். கோதுமை, மைதா, ரவை எதுவும் அவள் உடம்புக்கு ஆயுசுக்கும் ஆகாது. ஒரு துணுக்குகூட. குடல் புண்ணாகிவிடும். சரி என்று இந்த வீட்டுக்குள் பிரட் இல்லை, பரோட்டா இல்லை, இவருக்குப் பிடித்த ரவா லட்டு இல்லை. போன வருடம் தேறி, கன்னம் வைத்தது. இப்போது எங்கிருந்து வருகிறது இந்த வலி?

இவர் ஓசூரிலிருந்து போன். "ஓட்டல்ல ஏதாச்சும் வாங்கிக் குடுத்தியா?" ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருகிற மனுஷன், கேள்வி மட்டும் தினமும். குடுக்கல என்று வைத்துவிட்டேன்.

துணி எடுக்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

சந்தேகம் சூப்பர்மார்க்கெட் மேல். ஆபீஸில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நாலு ரோடு கடைக்குப் போனேன். கவரில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் படித்தேன்.

பெருங்காயம்: பின்னால் மைதா. பெருங்காயத்தில் மைதாவா! ரசத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
ராகி பிஸ்கட்: முன்னால் ராகிக் கதிர் படம். பின்னால் முதல் பேர் மைதா, ராகி கடைசிக்கு முன்னால்.
சாக்லேட்: கோதுமை இருக்கலாம். இருக்கலாமாம். செய்தவனுக்கே தெரியாதா?
குழம்பு மசாலா: "மற்றும் பிற பொருட்கள்". அந்தப் பிற என்ன என்று யாரைக் கேட்க?

அலமாரி அடுக்குகிற பெண் பின்னாலேயே வந்து, "அக்கா, வாங்கறீங்களா, இல்ல பரீட்சைக்குப் படிக்கறீங்களா?" என்றாள். பரீட்சைதான் என்றேன். சிரித்தாள்.

நான் திருப்பிப் பார்க்காத ஒரே பாக்கெட் செல்வியுடையது. என் தங்கச்சி. நல்லம்பள்ளியில் மிஷின் போட்டு ராகி சப்பாத்தி மாவு செய்கிறாள். கனிக்கு வந்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது அவளுக்கு. முன்பக்கம் பச்சை எழுத்து: "கோதுமை துளியும் இல்லை". அது என் வரி. அவள் "கோதுமை சேர்க்கப்படவில்லை" என்று வைத்திருந்தாள். அப்படிப் போட்டால் எந்தத் தாய் நம்புவாள், "துளியும்" போடுடி என்றேன்.

முன்பெல்லாம் தூக்குப்போசியில் அவளே கொண்டுவந்து தருவாள். "கடையில போயி வாங்காதக்கா, நா கொண்டாந்து தர்றன்." ஏப்ரலிலிருந்து அவளுக்கு ஓய்வே இல்லை, பாவம். அவளிடம் சொல்லாமல் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சி சரக்கு, அவளுக்குத்தானே நல்லது. இன்றும் இரண்டு பாக்கெட். பில் போடுகிறவளிடம் "எந்தங்கச்சி மாவு" என்று பீற்றிக்கொண்டது வேறு.

ஜூன் 18, புதன்

பெருங்காயம் குப்பைக்குப் போனது. விட்டது சனியன்.

காலை சப்பாத்தி. செல்விக்குக் கை தேறிவிட்டது. முன்னே கொதிநீர் ஊற்றிப் பிசைந்தாலும் ஓரம் விண்டு விண்டு போகும். இந்தக் கடைப் பாக்கெட் நிலா மாதிரி விரிகிறது. கல்லில் போட்டதும் புஸ்ஸென்று உப்புகிறது. நிறமும் வெளுப்பு, தோல் எடுத்து அரைக்கிறாள் போல.

"ம்மா, ஹரிணி வூட்டுச் சப்பாத்தி மாதிரியே இருக்குது!" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு கனி. ஹரிணி அவள் வகுப்புத் தோழி. நாலு தின்றாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது.

உப்பிய சப்பாத்தியைப் படம் எடுத்து மலருக்கு அனுப்பினேன். ஏரியூர்ப் பெண், சேலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் பழக்கம். அவள் பையனுக்கும் இதே நோய். உடனே பதில்: "நீங்க சொன்னதுலருந்து நாங்களும் அதேதாங்க்கா".

ஜூன் 20, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை.

கனிக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. வலியில் சுருண்டு கிடக்கிறாள். வீட்டில் பெருங்காயம்கூட இல்லையே. அப்படியென்றால் பள்ளியில்தான் தின்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பையைக் கொட்டினேன். பென்சில் சீவல், ஒரு ஹேர்பேண்ட், வேறொன்றும் இல்லை.

"ஹரிணி டப்பாவுல என்னடி தின்ன?"

"நா திங்கலம்மா. ஒம்மேல சத்தியமா."

என்மேல் சத்தியம் பண்ணினாளே என்று கன்னத்தில் ஒன்று வைத்தேன். அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதிருந்தால் தேவலை.

ஜூன் 21, சனி

செல்வியின் தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுக்கக் கழுவ எடுத்தேன். அடியில் பழைய மாவு, இரண்டு கைப்பிடி. பூச்சி இல்லை. வீணாக்குவானேன் என்று பிசைந்தேன். பத்தவில்லை, கடைப் பாக்கெட்டைப் பிரித்துத் தனியாக இன்னொரு உருண்டை.

தூக்குப்போசி மாவு கட்டை வைத்ததும் காய்ந்த ஏரி மாதிரி விரிந்து பிளந்தது. பாக்கெட் மாவு இழுத்த இழுப்புக்கு வந்தது. ஒரே மிஷின், ஒரே ராகி. கட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

பாக்கெட் மாவில் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டு மென்றேன். ராகி என்றால் நறநறவென்று கரைந்து போய்விட வேண்டும். இது கரையவில்லை. மெல்ல மெல்லப் பல்லுக்கு நடுவில் ஒரு பிசின் திரண்டது. விரலால் பிடித்து இழுத்தேன். நீண்டது.

சின்ன வயதில் ரேஷன் கோதுமை வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது நானும் செல்வியும் ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே வருவோம். கடைசியில் பபிள்கம். யாருடையது நீளம் என்று இழுத்துப் பார்ப்போம். அவள்தான் ஜெயிப்பாள்.

கனியிடம் போய், நீ திங்கலடி, நாந்தான் சித்தி மாவுல கோதுமையத் தின்னக் குடுத்திருக்கேன் என்றேன். அடித்த கன்னத்தைத் தடவினேன். பரவால்லம்மா என்றவள், "அப்ப சித்திக்குத் தெரிஞ்சிருக்காதில்ல?" என்றாள்.

தெரிஞ்சிருக்காது சாமி என்றேன். மிஷினில் கோதுமை அரைத்த மிச்சம் கலந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். முருகா, அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இவர் வந்ததும் கனியை விட்டுவிட்டு நல்லம்பள்ளி பஸ். செல்வி மிஷின் அறையில் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கனிக்கு மறுபடி வயிறு சரியில்லடி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"கடையிலயாக்கா வாங்கின?"

அந்த ஒரு கேள்வி போதும். வேறு யாராவது என்றால் என்னாச்சு என்று கேட்பார்கள்.

மூட்டைகள் சுவரோரம் நின்றன. ராகி ஒரு பக்கம், மைதா ஒரு பக்கம். ஒளித்துக்கூட வைக்கவில்லை.

"வுண்டு போவுது, சுட வரலன்னு கடைக்காரங்க பொட்டிப் பொட்டியா திருப்பி அனுப்பறாங்கக்கா. மொதல்ல கொஞ்சமாத்தான் போட்டன். அப்பறம் பாதிக்குப் பாதி. இப்பத்தான் நாலு கடையில கேக்கறாங்க."

"கவர்ல என்னாடி போட்டிருக்குது?"

"கவர் அடிச்சு வச்சிருந்துச்சே. அதுக்கு நா என்னா பண்ணட்டும்?"

பாவி. என் வரியை ஒட்டி ஒட்டி விற்றிருக்கிறாள். "நம்ம கனியத் தெரியுமேடி ஒனக்கு" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுதான ஒங்க வூட்டுக்குத் தனியா அரைச்சுத் தந்தன்! கடையில வாங்காதன்னு எத்தினி வாட்டி சொன்னன்? ஒம் புள்ளைக்கு நா தெரிஞ்சு கெடுதல் செய்வனாக்கா?"

அழுதாள். நிஜ அழுகைதான். அதுதான் தாங்கவில்லை.

"மத்த புள்ளைங்க?"

"அந்த நோவு இருக்கற புள்ள ஊருக்கு எத்தினி இருக்கப்போவுது? நம்ம கனி ஒண்ணுதான்."

எனக்கு இன்னொரு பிள்ளையைத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. தூக்குப்போசியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். தண்ணி குடிச்சிட்டுப் போக்கா என்றாள் பின்னாலிருந்து. குடிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

காற்று குறையவில்லை. கனிக்குக் கஞ்சியும் மோரும். கொஞ்சம் சிரிக்கிறாள்.

கடை மேனேஜரைப் பார்த்தேன். அந்த மாவை எடுத்துவிடுங்க, மைதா கலந்திருக்குது என்றேன்.

"துளியும் இல்லன்னுதானுங்களே போட்டிருக்குது."

"அதச் சொல்லிக் குடுத்ததே நாந்தாங்க."

"நீங்க யாருங்க?"

"செய்யறவளோட அக்கா."

ஏற இறங்கப் பார்த்தான். "குடும்பச் சண்டைய வூட்டுல வச்சுக்குங்கம்மா." பாக்கெட்டெல்லாம் அலமாரியில் அப்படியே. அங்கிருந்து நேராகக் கலெக்டர் ஆபீஸ், உணவுப் பாதுகாப்பு அலுவலகம். பிரித்த பாக்கெட்டையும் பிரிக்காததையும் வைத்து, செல்வி பெயர், ஊர் எல்லாம் சொன்னேன். தங்கச்சி பெயரை அதிகாரி திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னேன்.

செல்வி போன் மேல் போன். எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் ஒன்று மட்டும் கேட்டேன். "ஒரு மாசம் குடுக்கா, கவர மாத்திடறன். யாருகிட்டயும் சொல்லிடாத."

மலரைக் கூப்பிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பையன் எப்படி இருக்கான் என்று கேட்டேன்.

"வாந்திதாங்க்கா, ரெண்டு மாசமா. ஆஸ்பத்திரிக்கு நடையா நடக்கறோம். எதுலன்னே தெரியல. எல்லாக் கவரையும் படிச்சுப் படிச்சுக் கண்ணே போச்சு."

சொன்னேன். எந்த மாவு, யார் மாவு, எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்:

"அது ஒண்ணத்தான் நா படிக்கலக்கா. நீங்க சொன்னதாச்சேன்னு."

மன்னிச்சிரு மலர் என்றேன்.

"சரி வுடுங்க்கா. இனிமே எந்த மாவு வாங்கறது, நீங்களே ஒண்ணு சொல்லுங்க."