இரவல் சூடு

செப்டம்பர் 12, வெள்ளி

தக்காளி இன்னும் பச்சையாகவே நிற்கிறது. இன்றிரவு உறைபனி விழலாம் என்று வானொலியில் சொன்னார்கள். பழைய போர்வைகளை எடுத்துப்போய்ச் செடிகளை மூடிவிட்டு வந்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. இன்ஹேலரை இழுத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அர்மாண்ட் கொட்டகைப் பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருக்கிறான். பட்டை மேலே இருக்க வேண்டும், ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். எல்லாம் சரி, யாருக்கு அடுக்குகிறான்? டாக்டர் ஏப்ரலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். என் நுரையீரலுக்கு விறகுப் புகை இனி ஆகாது. இரும்புக் கணப்பு எரிகிற வீட்டில் நான் இருக்கக் கூடாது.

போன குளிர்காலத்தில், ஜனவரி தொடங்கிப் பனி உருகும்வரை, பர்லிங்டனில் அக்கா பெர்னடெட்டின் வீட்டில் கிடந்தேன். இவன் இங்கே கணப்போடு. ஞாயிற்றுக்கிழமை வருவான். என் கையைப் பிடித்தபடி டிவி பார்ப்பான். இருட்டுமுன் கிளம்பிவிடுவான். கணப்பு அணைந்தால் குழாயெல்லாம் உறைந்துபோகும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, என் புருஷன் எனக்கு விருந்தாளி.

இன்னொரு குளிர்காலம் அப்படிப் போனால் என்னால் தாங்க முடியாது. எழுதிவிட்டேன். எழுதினால் கொஞ்சம் பாரம் குறைகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பக்கத்துப் பண்ணை வெண்டல் வீட்டில் போன வருஷமே மாட்டிவிட்டார்களாம். மின்சாரம் தருகிற நிறுவனமே ஹீட் பம்பை வாடகைக்குத் தருகிறது. குளிர்காலத்தில் சூடு, கோடையில் குளிர்ச்சி. மாட்டுவதும் அவர்கள், பழுது பார்ப்பதும் அவர்கள். புகை கிடையாது. எனக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும்.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை எடுத்தேன்.

"வெர்மான்ட்ல வீட்டைக் குளுர வைக்க மெஷினா? ஜன்னலைத் திற, சும்மாவே வரும்."

"சூட்டுக்குத்தான் கேக்கறேன்."

"மெஷின் யாரோடது?"

"கம்பெனியோடது. நாம மாசாமாசம் வாடகை குடுக்கணும்."

முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப நம்ம சுவத்துல அடுத்தவன் சாமான் தொங்கும். படுத்தாலும் இரவல், எழுந்தாலும் இரவல். திருப்பிக் குடுக்கவே முடியாத இரவல். எனக்கு வேண்டாம், ஒடெட்."

இவனுக்கு இரவல் என்றால் ஒரு வியாதி. ஒரு மத்தியானத்துக்கு வெண்டலிடம் மோட்டார் ரம்பம் வாங்கினான். திருப்பிக் கொடுக்கும்போது பல் தீட்டி, எண்ணெய் போட்டு, டாங்க் நிரப்பி, கைப்பிடியில் இருந்த பழைய விரிசலைக்கூட ஒட்டிக் கொடுத்தான். "எது உடைஞ்சாலும் அர்மாண்டுக்கு இரவல் குடுத்தாப் போதும்" என்று வெண்டல் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாள் முழுக்க விறகு அடுக்குகிற சத்தம் மட்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று வாயை விட்டுவிட்டேன். இருமல் வந்து ஓய்ந்த கையோடு.

"நவம்பர் பொறந்ததும் நான் பெர்னி வீட்டுக்குப் போயிடறேன். நீயும் உன் கணப்பும் சந்தோஷமாக் குடும்பம் நடத்துங்க. அதையே கட்டிக்க."

"நான் என்ன சொல்லிட்டேன்னு—"

"நீ ஒண்ணும் சொல்லல. அதான் பிரச்சினை. போன தடவ நான் பெட்டியோட நின்னப்பகூட நீ ஒண்ணும் சொல்லல. ஸ்கார்ஃப் எடுத்தியான்னு கேட்டே."

கொட்டகைக்குப் போய்விட்டான். கோபத்தில் கத்தினேனே தவிர, சொன்னது அத்தனையும் நிஜம். அவன் திரும்பி வந்து கேட்டது ஒன்றுதான்: "எங்க கையெழுத்துப் போடணும்?"

படிக்காமலே போட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மாட்டியாகிவிட்டது. உள்ளே, கணப்புக்கு எதிர்ச் சுவரில், நீளமாக வெள்ளையாக ஒரு பெட்டி. வெளியே, சமையலறை ஜன்னலுக்குக் கீழே, விசிறி வைத்த பெரிய பெட்டி.

வந்தவள் ஷெல்பி. இருபத்தைந்து இருக்கும். கை நிறைய எண்ணெய், வாய் நிறைய சிரிப்பு. "எவ்வளவு குளிர்காத்தா இருந்தாலும் அதுல கொஞ்சம் சூடு இருக்கு மிஸ்டர் லெடூர்னோ. வெளிப்பெட்டி அதை இழுத்து உள்ள அனுப்பிடும்" என்றாள்.

"குளிர்ல இருந்து சூடு" என்றான் அர்மாண்ட். "அப்ப பாறாங்கல்லப் பிழிஞ்சா பாலும் வரும்." சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடையைக் கட்டினான்.

மீதிப் பாடம் எனக்கு மட்டும். ஒரே அளவில் ஓட விட வேண்டும், அடிக்கடி மாற்றக் கூடாது. வெளிப்பெட்டியைச் சுற்றிப் பனி சேரவிடக் கூடாது, காற்று தாராளமாக வந்துபோக வேண்டும். நல்ல பெண். போகும்போது, "அவருக்குப் பழகிடும்மா" என்றாள். உனக்கு அவனைத் தெரியாதடி பெண்ணே.

ராத்திரிச் சாப்பாட்டில், "பனி பேஞ்சா அதைச் சுத்தி ஒதுக்கி விடணுமாம்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான்.

அக்டோபர் 23, வியாழன்

விடியற்காலையில் வீடு சில்லென்று இருப்பது ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. படுக்கப் போகுமுன் இவன் ரிமோட்டை எடுத்துக் குறைத்து வைத்துவிடுகிறான். கோழி கூவுமுன் எழுந்து கூட்டுகிறான். கணப்பில் தணலைச் சாம்பலால் மூடிவைத்துக் காலையில் கிளறுகிற கை, அதே வேலையை இங்கேயும் செய்கிறது.

"அது நெருப்பு இல்ல, அர்மாண்ட். தூங்காது."

"ராத்திரி பூரா ஓட விட்டாத் தேஞ்சுபோகாதா? நம்ம சாமானா அது?"

ரிமோட்டை என் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

முதல் பனி. இருமல் இல்லை. ஜன்னலோரம் பின்னல் வேலையோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில், என் நாற்காலியில், நவம்பரில்.

அர்மாண்ட் அணைந்த கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான். "சூடு வருது. இல்லேன்னு சொல்லல" என்றான். கொஞ்சம் பொறுத்து, "உக்காந்து பாக்கத்தான் ஒண்ணும் இல்ல" என்றான்.

பாவமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் கரி படிந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 2, செவ்வாய்

பெர்னிக்கு நாளை கண் அறுவை. துணைக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவேன். பெரிய பனிப்புயல் ஒன்று வருகிறதாம். அர்மாண்ட் வாசல் செடிகளுக்குக் கோணிச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் புயலுக்கு முன் இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். கையசைத்தான். "ஸ்கார்ஃப் எடுத்தியா?"

டிசம்பர் 4, வியாழன்

அக்காவின் கண் நன்றாக இருக்கிறது. அவள் அலமாரியில் என் செருப்பும் இரவு உடையும் போன குளிர்காலத்தில் விட்ட இடத்திலேயே இருக்கின்றன. "எதுக்கும் இருக்கட்டும்டி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

போனில் அர்மாண்ட் ஓரிரு வார்த்தைதான் பேசினான். குரலே சரியில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

 நடந்ததை நடந்தபடி எழுத முயற்சி செய்கிறேன்.

கதவைத் திறந்தால் வீட்டுக்குள் என் மூச்சுக்காற்று புகையாகத் தெரிந்தது. குழாய் உறையாமலிருக்க எல்லாக் குழாயும் சொட்டிக்கொண்டிருந்தது. அர்மாண்ட் மேல்கோட்டும் வேட்டைத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். சுவரில் இருந்த பெட்டியில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"புதன் சாயங்காலத்துலேர்ந்து. இந்தக் குளிரை அது தாங்கல, ஒடெட்."

"கம்பெனிக்குக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டு? முடியலன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீ—" நிறுத்திக்கொண்டான்.

கணப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு ராத்திரி இந்தக் குளிரில், கொட்டகை நிறைய விறகு வைத்துக்கொண்டு, ஒரு குச்சியைக்கூட இவன் கொளுத்தவில்லை.

"ஏன் பத்த வெக்கல?"

"புகை திரைச்சீலையில ஒட்டிக்கும். நீ வரப்போறேல்ல."

 சமையலறைக்குப் போய் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். சூடில்லாத வீடென்றால் முதலில் வருவார்களாம். ஊரிலிருந்து கொண்டுவந்த துணிப்பெட்டியை நான் பிரிக்கவில்லை. மனதுக்குள் பெர்னியின் அலமாரிதான் வந்து வந்து போனது. முடிந்தது, இந்த வருஷமும் அவ்வளவுதான்.

ஷெல்பி முழங்காலளவு பனியில் நடந்து வந்தாள். உள்ளே பார்த்தாள். ரிமோட்டைப் பார்த்தாள். வெளிப்பக்கம் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். சமையலறை ஜன்னலுக்குக் கீழே பெட்டியைக் காணவில்லை. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு பெரிய மூட்டைதான் இருந்தது.

 எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேண்டுமென்றே செய்துவிட்டான், நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மெஷினின் மூச்சை அடைத்துவிட்டான், என்னைத் திரும்ப அனுப்பப் பார்க்கிறான். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். வாய் திறக்கவும் போனேன்.

ஷெல்பி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். தார்ப்பாய்க்குள் கோணிச் சாக்கு. மூலைகளில் உரசாமலிருக்க மடித்து வைத்திருந்தான். சாக்குக்குள்ளே அவனுடைய நீலக் கம்பளி. வேட்டைக் குடிசைக்கு எடுத்துப்போவானே, என்னைக்கூடத் தொட விடமாட்டானே, அந்தக் கம்பளி.

"நான்தான் கட்டினேன்" என்றான் அர்மாண்ட். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். "புயல் வருதுன்னாங்க. அடுத்தவங்க சாமான். நம்மகிட்ட இருக்கும்போது அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு."

நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை.

ஷெல்பி சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு என் கையால் ஒரு ஆப்பிள் கேக் சுட்டுக் கொடுக்கப் போகிறேன். "இவ்வளவு நல்லா யாரும் கட்டினதில்ல மிஸ்டர் லெடூர்னோ" என்றாள். "ஆனா இது செடி இல்ல. குளிர்காத்துதான் இதுக்குச் சாப்பாடு. மூடிட்டா பட்டினியில நின்னுடும்."

"கெட்டுப்போச்சா?"

"ஐஸ் கட்டியிருக்கு, அவ்வளவுதான். உருக்கிட்டா ஓடும். கெட்டாலும் எங்க பாடு, உங்க பாடு இல்ல. வாடகைன்னா அதான்."

"என்கிட்ட இருக்கற வரைக்கும் என் பாடுதான்" என்றான் இவன்.

அது மறுபடி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு விசிறிக் காற்றில் கையை நீட்டிப் பார்த்தான். "சில்லுனு வருது" என்றான்.

"அதுல இருந்த சூடெல்லாம் உள்ள போயிடுச்சு" என்றாள் ஷெல்பி.

இந்தத் தடவை பாறாங்கல், பால் என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. காது கொடுத்துக் கேட்டான். மூடலாமா, மேலே மட்டும் கூரை போடலாமா, பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், கூரைப் பனி சரிந்து விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணைப் போக விடவேயில்லை.

சாயங்காலத்துக்குள் வீடு சூடாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் அந்த நீலக் கம்பளியைப் போர்த்திவிட்டான். ஈரமாக இருந்தது. பரவாயில்லை.

டிசம்பர் 6, சனி

வெண்டல் வந்தான். விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டிருக்கிறது. "ஏன் அர்மாண்ட், அதுக்கு மப்ளர் வாங்கலையா?"

"உன் ரம்பத்துக்கு வாங்கினதுல மிச்சம் இருக்கு" என்றான் இவன்.

டிசம்பர் 14, ஞாயிறு

வெளிப்பெட்டிக்கு மேல் சரிவாகக் கூரை கட்டியிருக்கிறான். நாலு பக்கமும் திறப்பு. செடார் மரத்தில் சீவிய ஓடு பதித்திருக்கிறான். எங்கள் கோழிக்கூண்டுக்குக்கூட அவ்வளவு நல்ல கூரை கிடையாது.

டிசம்பர் 20, சனி

விறகை ஊர் விறகுக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டான். விறகு வாங்க முடியாத வீடுகளுக்கு ஊர் சேர்த்து வைக்கிற இடம். வெண்டல் வண்டி ஓட்ட, இவனே அங்கேயும் போய்ப் பட்டை மேலே இருக்கும்படி அடுக்கிவிட்டு வந்திருக்கிறான்.

"கரண்டு போயிட்டா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமா பெர்னி வீட்டுக்குப் போவோம்."

ரெண்டு பேருமா.

ஜனவரி 16, வெள்ளி

அக்கா போன் செய்தாள். போன வருஷ ஜனவரி மாதிரியே இப்போதும் வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். "எப்படி வர்றே? பஸ்ஸா, அவன் கொண்டுவந்து விடறானா?"

"வரல பெர்னி. என் செருப்பையும் இரவு உடையையும் தபால்ல அனுப்பிடு."

 "அலமாரியில அந்தத் தட்டு எனக்கும் வேணும்தான்" என்றாள். குரல் கரகரத்தது. அவளுக்கும் நான் இல்லாத குளிர்காலம் வெறிச்சோடித்தான் இருக்கும். வசந்தத்தில் ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வர வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

பார்சல் நேற்று வந்தது. செருப்பின் அடி பிய்ந்திருந்ததை இவன் ஒட்டி வைத்திருக்கிறான்.

காலையிலிருந்து பனி. முதலில் மெஷினைச் சுற்றி ஒதுக்கினான், பிறகுதான் கார் பாதை. உள்ளே வந்து, "நல்லா இருக்கு" என்றான். தொழுவத்தில் மாட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி.

மத்தியானம் டிவி பார்த்தோம். கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. பழக்கதோஷத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். போன வருஷம் பெர்னி வீட்டில் இந்த நேரத்துக்குத்தான் கிளம்பக் கோட்டை மாட்டுவான்.

இருட்டிவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.