புழுதியில் தெரிந்த ஈரம்

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீயும் சளியில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், பொய்யாக இருந்தால் திருத்த வேண்டாம். இன்று தர்பூசணி வாங்கவிருக்கும் ஹோட்டல் சமையல்காரர் நம் வயலுக்கு வந்தார். வரப்பில் நின்று, "ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலையே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். விடியற்காலையில் ஈரத்தைப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. உன் அத்தைமேல் எனக்குச் சந்தேகம் என்றும் சொல்லவில்லை. வெயிலாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன். உன்னைத் தூக்கி வளர்த்தவர் அத்தை, நான் பின்னால் வந்த சித்தி. உன்னிடம் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மழை நின்றதும் உழுது, மேல் மண்ணைப் புழுதியாக்கி மூடி, அடியில் தங்கிய ஈரத்தை மட்டும் நம்பித் தர்பூசணி விதைத்ததை முன்பே எழுதியிருந்தேன். தண்ணீர் பாய்ச்சாத பழம் சிறிதாக இருந்தாலும் இனிப்பு கூடுதல் என்பதால்தான் அந்த மனிதர் மொத்த விளைச்சலையும் கேட்கிறார். ஊற்றியது தெரிந்தால் வாங்க மாட்டார், அவர் வாங்காவிட்டால் நிலத்தைச் செங்கல் சூளைக்காரருக்கு விட்டுவிடுவதாக உன் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். யோசனை என்னுடையது, புத்தகத்தில் படித்தது. "புக்கு படிச்சா செடி வளராதும்மா, மூக்குக் கண்ணாடிதான் வளரும்" என்று அத்தை அன்றே சொன்னார். உன் அப்பா சிரித்துவிட்டுப் பாதி வயலை அவர் பொறுப்பிலும் பாதியை என் பொறுப்பிலும் விட்டார். கொடி ஓடத் தொடங்கியபோது, அத்தையின் கொடி என்னுடையதைவிடச் செழிப்பா என்று பார்க்க ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். மறுநாள் விடியலில் வரப்பில் நின்று பார்த்தால், அவர் வரிசைகளுக்கு நடுவே கருப்பு கருப்பாக ஈரத் திட்டுகள். இரண்டொரு நாளில் அத்தை வெளிச்சம் வரும்முன்பே ஒரு தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக ஆரம்பித்தார். போகும்போது நிறைந்திருக்கும், வரும்போது காலி. "குடிக்கத்தான்" என்றார். நான் கேட்கவே இல்லையே, கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? அவ்வளவையும் ஒரே ஆள் குடிப்பதென்றால் ஒட்டகமாகத்தான் இருக்க வேண்டும். அதிலிருந்து அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் தினமும் மாலையில் போய்த் திட்டுகளைத் தேடுவேன், காய்ந்திருக்கும். விடிந்தால் முந்தின நாளைவிட அதிகமாக இருக்கும். உன் அப்பாவிடம் ஜாடையாகச் சொன்னேன், "நீயாச்சு எங்க அக்காவாச்சு, என்னை விடு" என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

சமையல்காரர் கிளம்பியதும் அத்தை என்னைத் தன் வரிசைப் பக்கம் கூட்டிப்போனார். "அந்தாளுகிட்ட நான் சொல்லல, வீட்டு மானம்னு விட்டேன். எதுக்கும்மா என் பக்கம் வந்து தண்ணி ஊத்துற? எனக்குக் கெட்ட பேரு, உனக்கு நல்ல பேரா?" என்றார்.  நான் ஊற்றவே இல்லை, அப்படியென்றால் அந்தக் கேன் எதற்கு அண்ணி என்றேன். "காவலுக்கு உட்கார்றவ மூஞ்சி கழுவ வேணாமா, குடிக்க வேணாமா? சாயங்காலமானா குளிக்கப் போற சாக்குல மாடியேறி, நீ பதுங்கிப் பதுங்கிப் போறத பாத்துட்டுத்தானே, விடியுமுன்ன ஊத்திடுவியோன்னு உட்கார்றேன்" என்றார். குனிந்து பார்த்தேன். திட்டு வெளுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் வடிவம் தெரிந்தது. குதிகால், முன்பாதம், நடுவே என் செருப்பின் நெளிநெளியான கோடுகள். புழுதியை மிதித்து இறுக்கினால் அடி ஈரம் அந்த வழியாக மேலே ஏறி வெயிலில் போய்விடும், யாரும் உள்ளே நடக்காதீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டியவளே நான்தான். யாரும் ஊற்றவில்லை, வாலு. வேவு பார்க்கப் போய்ப் போய்ச் செடி குடிக்க வேண்டியதை நான் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிக் காட்டினேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப இப்படி ஒண்ணு சொல்றியா" என்றார். நான் களைக்கொத்தை எடுத்து மிதித்த இடத்தையெல்லாம் கிளறி மூடும்வரை அவர் வரப்பை விட்டு நகரவில்லை. உதவிக்கு நின்றாரா, காவலுக்கு நின்றாரா, தெரியாது. ஃபோனில் அவர் வேறு மாதிரி சொன்னால் அதையும் கேட்டுக்கொள். அறைத் தோழி உன் சோப்பை எடுக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளிடம் எதுவும் கேட்பதற்கு முன் சோப்பு டப்பாவில் தண்ணீர் தேங்கி அது கரைகிறதா என்று பார்.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையாக இரு. போர்வையை வெயிலில் போட மறந்துவிடாதே.

உன்னைவிடக் கொஞ்சமே மூத்த,
சித்தி

பி.கு.: இதை அனுப்ப மனம் வராமல் மேசையிலேயே வைத்திருந்தேன். அறுவடை முடிந்துவிட்டது. நான் நடந்த வரிசைகளில் கொடி காய்ந்துவிட்டது, மற்ற எல்லாப் பழத்தையும் சமையல்காரர் எடுத்துக்கொண்டார். சூளைக்காரரை உன் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். வயலில் ஒரு கொடிகூட இல்லை, ஆனாலும் என் செருப்புக் கதையை நம்பாத அத்தை இன்றும் விடியலில் கேனோடு போய்க் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.