மூன்றாவது பரணின் பதில்

ஓசூர்,
8-8-1992

அன்புள்ள முனிவேலுக்கு,

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அப்போது ஜவளகிரிப் பள்ளியில் எனக்கு வேலை. ராகி முற்றும் காலத்தில் ஆனை இறங்காமல் இருக்க, கொல்லைக்குக் கொல்லை பரண் கட்டி, மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி ஒருவருக்கொருவர் சேதி சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே, "ஆளைப் பார்க்காம, தட்டுறது யாருன்னு எப்படிம்மா சொல்றாங்க?" என்றாய். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பள்ளி மதிய உணவுக்கு விறகு கொண்டுவந்த செல்லியைக் கேட்டேன். அவள் சிரித்தாள். "இதுல என்னா டீச்சரம்மா இருக்குது? எம் புருசன் தட்டுனா மொதல்ல வெரலு லேசா ஒரசும், அப்புறந்தான் அடி விழும். அவங் கையி அப்படி. ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றாள். அதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ பலகையில் விரலை உரசித் தட்டிப் பார்த்தாய்.

அந்தச் செல்லியின் மகள்தான் மூன்று வருடமாக உன் மனைவி. போன கடிதத்தில், "ஜோதி ஐந்து வாரமாக எழுதவில்லை, என்ன கோபம் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு மறந்துவிடும். என் முட்டி வலி குறைந்திருக்கிறது. மழை நன்றாகப் பெய்கிறது, கரண்ட்தான் நிற்பதில்லை. போன செவ்வாய் சானமாவுக் காட்டில் ஆனைக் கூட்டம் ரோட்டில் நின்றதால் ராயக்கோட்டை பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். ஜோதிக்கு இந்த மாதமும் முதல் ஷிப்ட். விடியலில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறாள், மூன்று மணிக்கு வருகிறாள். வந்ததும் முன்பெல்லாம் முகம் கழுவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். இப்போது உட்காருவதில்லை. அதன் மேல் என் பழைய புடவைத் துணியைப் போர்த்தி வைத்திருக்கிறாள்.

அந்தக் கம்ப்யூட்டரை பம்பாயில் உன் ஆபீசில் கழித்துக்கட்டியபோது நீ இங்கே கொண்டுவந்து வைத்தாய். "உங்களுக்குப் பொழுது போகும்மா" என்றாய். நான் அதைத் துடைத்து வைத்ததோடு சரி. நீ விட்டுப்போன புத்தகத்தை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்தவள் அவள்தான். எட்டு மாதம் உழைத்து அந்த விளையாட்டைச் செய்தாள். முதலில் ஆடியது நான். நீ அதை முழுக்க ஆடவில்லை என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிவதால், அது என்ன என்று விளக்குகிறேன். பொறுமையாகப் படி.

பச்சைத் திரையில் ஒரு பரண். அதற்குள் நாம். ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு கம்பளி, ஒரு டம்ளர் காப்பி. விளக்கு என்றால் ஒரு நட்சத்திரக் குறி, கண் சிமிட்டும். அவ்வளவுதான், ஆனாலும் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. தூரத்தில் மூன்று பரண்களிலிருந்து சத்தம் வரும். என்ன சத்தம், எதற்கு என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரு தட்டுக்குப் பின் திரையில் என்ன நடக்கிறது, மூன்று தட்டுக்குப் பின் எந்தப் பக்கம் கிளை அசைகிறது என்று நாமே கவனித்து, நோட்டில் குறித்து, பொருள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சேதியைச் சரியாகப் புரிந்து பதில் தட்டினால் காப்பியிலிருந்து மூன்று புள்ளி ஆவி மேலே எழும். நான் பதினோரு நாள் ஆடினேன். நாற்பது பக்க நோட்டு தீர்ந்துவிட்டது. "அத்த, பேப்பர் திருத்தற மாதிரி மொறைக்காதீங்க, அது பயந்துக்கும்" என்று ஜோதி கேலி செய்வாள். எந்த இடத்திலும் அவள் விடை சொல்லித்தரவில்லை.

கடைசிக் கட்டத்தில் நாம் சேதி கேட்டுத் தட்ட வேண்டும். முதல் பரண் பதில் சொல்லும். இரண்டாவது சொல்லும். மூன்றாவது சொல்லாது. நான் நோட்டைப் புரட்டினேன், இருந்த எல்லாக் குறியும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரை அப்படியே நின்றது, விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. கெட்டுவிட்டது என்று நினைத்து ஜோதியைக் கூப்பிட்டேன். அவள் சமையலறை வாசலில் நின்றபடியே, "பதில் வரலைன்னா என்னா பண்ணணும் அத்த? ஜவளகிரி வழக்கம் ஒங்களுக்குத் தெரியுந்தான" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் அப்பா திம்மப்பன் இறந்தது எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனால் நடந்ததை வரிசையாக யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1980இல் நாம் ஓசூருக்கு மாறி வந்துவிட்டோம். அந்த மார்கழியில் மற்ற இரண்டு பரணிலிருந்து தட்டியபோது அவர் பரணிலிருந்து பதில் வரவில்லை. "மாமன் கொறட்ட உடறாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவரவர் இருந்துவிட்டார்கள். ஆனை பரண் காலை முறித்திருக்கிறது. விடிந்து போய்ப் பார்க்கும்போது கீழே கிடந்தார். விடிய ஒரு மணி நேரம் முன்புவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஜோதிக்கு அப்போது பதினாலு வயது. அன்றிலிருந்து அந்த ஊரில் ஒரு வழக்கம். பதில் வராவிட்டால் மறுபடி தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். போனால் ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலும் திட்டக் கூடாது.

அவள் விளையாட்டின் முடிவும் அதுதான். எதையும் தட்டாமல் இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால், பரணுக்கு ஒரு ஏணி வரும். இறங்கிக் கொல்லை வழியே நடந்தால் மூன்றாவது பரண். கீழே ஒருவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உயிரோடு இருப்பார். "வந்துட்டியா தாயி" என்று ஆங்கில எழுத்தில் வரும். பிறகு இரண்டு டம்ளர் காப்பி, இரண்டிலும் ஆவி. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பொங்கலுக்கு நான்கு நாள் வந்தாய். "நண்பர்களிடம் காட்டுகிறேன்" என்று பிளாப்பியில் பிரதி எடுத்தாய். கொடுக்கச் சொன்னது நான்தான், அந்தத் தப்பு என்னுடையது. நீ ஆடிப் பார்ப்பாய், கடைசிவரை வருவாய் என்று அவள் நம்பினாள். உன் கடிதம் வரும்போதெல்லாம் எனக்குத் தெரியாதபடி, ஏணி வந்தது என்ற ஒரு வரியைத் தேடுவாள். நீ பிப்ரவரியில் எழுதியது, "விளையாட்டு நன்றாக இருக்கிறது." மார்ச்சில் அதுவும் இல்லை.

ஜூன் கடைசியில் பக்கத்து வீட்டு வெங்கடப்பன் ஜூஜுவாடியிலிருந்து வரும்போது பெங்களூர்ப் பத்திரிகையோடு வந்தார். "டீச்சரம்மா, நம்ம முனிவேலு போட்டோ போட்டுக்கிறாங்க பாருங்க, கம்ப்யூட்டர் வெளயாட்டுப் போட்டில மொதப் பரிசு" என்றார். எனக்கு அரை மணி நேரம் பெருமைதான். அதை மறைக்க மாட்டேன். மூன்று வீட்டுக்கு லட்டு கொடுத்துவிட்டேன். அதன்பிறகுதான் உட்கார்ந்து பேட்டியைப் படித்தேன்.

கப்பல்களில் பயன்படுத்திய மோர்ஸ் குறிகளை ஆராய்ந்து இதை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறாய். ஜவளகிரி ராகிக் கொல்லையில் எந்தக் கப்பல் வந்து நின்றது? "தனியாக ஒன்றரை வருடம் உழைத்தேன்" என்றும் இருக்கிறது. அந்த ஒன்றரை வருடத்தில் நீ ஊருக்கு வந்த தடவைகளை நான் ஒரு கை விரலில் அடக்கிவிடுவேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியிருக்கிறேன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய நோட்டு எப்படித் தெரியும் தெரியுமா? விடை சரியாக இருக்கும். "இந்த இரண்டு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் முழிப்பான். உன் பேட்டி அந்த நோட்டு.

ஜோதி அன்று வேலை முடிந்து வந்து படித்தாள். நான் கத்திக்கொண்டிருந்தேன். அவள்தான் என்னை அடக்கினாள். "அவரு பேரு வந்தா என்னா அத்த, ஒரே வீடுதான" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவள் அதோடு விட்டிருப்பாள். உனக்கு வழக்கம்போல எழுதியும் இருப்பாள்.

பேட்டிக்குப் பின்னால் விளையாட்டை இயக்கும் முழு நிரலையும் வரி எண்ணோடு அச்சிட்டிருந்தார்கள். அதை அவள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். 2130க்கு அடுத்து 2200 இருந்தது. விரல் அங்கேயே நின்றது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் வந்தாள். "அத்த, எங்கப்பாவ எடுத்துட்டாரு" என்றாள். அழவில்லை. பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, துணி காயப்போடப் போனாள்.

கடைசியில் இயந்திரம் அசையாமல் நின்றுபோகும் ஒரு பிழை இருந்தது, அதைக் கண்டுபிடித்து நீக்க மூன்று நாள் ஆயிற்று என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாயே, அந்தப் பிழைதான் முனிவேல். இரண்டு நிமிடம் உன்னால் சும்மா இருக்க முடியவில்லை. பதில் வராவிட்டால் நீயும் சிரித்துவிட்டுப் போகிறவன்தானா? உன்னுடையதில் இரண்டாவது பரண் பதில் சொன்னதும் "வாழ்த்துகள்" என்று வந்து முடிந்துவிடுகிறது. கீழே கிடக்கும் ஆளை விட்டுவிட்டு யாருக்கு வாழ்த்து?

இன்னொன்று சொல்கிறேன். 1310ஆம் வரியை எடுத்துப் பார். மூன்றாவது பரணிலிருந்து முன்கட்டங்களில் வரும் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் சின்னதாக ஒரு ஒலி வைத்திருக்கிறாள். விரல் உரசும் சத்தம். அது என்னவென்று உனக்குத் தெரியாததால் அதை நீ நீக்கவில்லை. பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. தட்டுவது யாரென்று பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டாயே, இப்படித்தான். பத்திரிகை ஆசிரியர் யாராவது ஒருவர், "1310 எதற்கு?" என்று கேட்டால் உன்னிடம் விடை கிடையாது. ஜோதியிடம் இருக்கிறது. செல்லியிடமும் இருக்கிறது.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி பெங்களூரில் பரிசு விழா, அது முடிந்து ஒரு சாயங்காலம் ஓசூர் வந்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு நான் ஒரே ஒரு வாய்ப்பு தருகிறேன். அந்தப் பத்திரிகைக்கு உன் கைப்பட எழுது. செய்தவள் ஜோதி என்று எழுது. 2140 முதல் 2190 வரை விடுபட்ட வரிகளைச் சேர்த்து மறுபடி அச்சிடச் சொல். மேடையில் அவள் ஏற வேண்டும், நீ கீழே உட்கார வேண்டும். இருபதாம் தேதிக்குள் நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் சொல்லட்டும். வகுப்பில் உன்னையும் நான் தனியாகப் பார்த்தது கிடையாது.

நான் எழுதுவது ஜோதிக்குத் தெரியாது. தெரிந்தால் தடுப்பாள். பம்பாயில் வீடு சரியாகவில்லை என்று நீ மூன்று வருடமாக எழுதுவதையும் அவள் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. பள்ளியில் பேர் கூப்பிடும்போது ஒரு பிள்ளை பதில் சொல்லாவிட்டால் "வரவில்லை" என்று போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போவது சுலபம். நான் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுவேன். சில பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்திருக்கிறார்கள், சிலருக்கு யாரும் வந்து கூப்பிடவில்லை என்ற ஒரே குறைதான் இருந்தது. ஐந்து வாரமாக உனக்குக் கடிதம் இல்லை. நீ என்னிடம் காரணம் கேட்டு எழுதுகிறாய்.

கோபமாக எழுதிவிட்டேன். எழுதியதில் ஒரு வரியும் அடிக்க மனமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. உன் வயிற்று எரிச்சலுக்கு மோர் குடி. நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாக இருப்பதற்கு உரியவனாகவும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா
சரோஜம்மாள்

பி.கு.: அவள் செய்த பிளாப்பியை அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன், மடங்காமல் எடு. இந்த முறை கடைசிவரை ஆடு. மூன்றாவது பரணிலிருந்து பதில் வராதபோது எதையும் தட்டாதே. ஏணி வரும்வரை பொறுத்திருந்து, இறங்கிப் போ.