சிக்னல் கோளாறு இல்லை

அன்புள்ள சகாயராணிக்கு,

பள்ளங்கியில நீயும் மக பிரின்ஸியும் சுகமா? மழை விட்டுச்சா? மும்பையில நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாம வாசி.

கையைத் தூக்கிப் பேரிக்காய் பறிச்சா என் மூஞ்சி செவந்து மூச்சு வாங்குதுன்னு சொல்லுவேல்ல? அது தைராய்டு கட்டியாம். கழுத்துல கொஞ்சமாத்தான் தெரிஞ்சுச்சு, மிச்சம் நம்ம கேரட்டு மாதிரி நெஞ்சுக்குள்ள எறங்கிக் கெடந்துருக்கு. நெஞ்செலும்பை அறுக்காம கழுத்து வழியாவே எடுத்துட்டாங்க. குரல் நரம்பு மட்டும் அசந்துபோச்சு. சத்தம் திரும்ப மாசக்கணக்காகுமாம்.

முன்னாடியே சொல்லியிருந்தா தோட்டத்தைப் போட்டுட்டுக் கெளம்பி வந்துருப்ப, அதான் சொல்லலை.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டப்ப ஆசையில போனை எடுத்துட்டேன். பேச வரலை. "சிக்னல் இல்லீங்க, மேட்டுக்குப் போய்க் கூப்பிடுறேன்"னு சொல்லிட்டு அந்த மழையில ஏறுன. அங்கருந்தும் "ஹலோ, ஹலோ"ன்னு கத்துன. நடுவுல இருமுன. அதை நெனைச்சா மனசு ஆறலை.

மெசேஜ் போட்டா உடனே கூப்பிடுவ, அதான் கடிதம். தைலமும் மலைப்பூண்டும் அனுப்பு. தையலை மறைக்க என் பழைய மப்ளரும் வேணும். வேலை பாக்குற ஹோட்டல்ல லீவு குடுத்துருக்காங்க.

நர்ஸ் வந்துட்டாங்க, முடிச்சுக்கிறேன். இனிமே போன்ல என் சத்தம் இல்லேன்னா மேட்டுக்கு ஏறாதே ராணி. வீட்டுக்குள்ளயே உக்காந்து பேசு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.

உன் ஆக்னல்