சுவரைப் பார்த்து நின்ற பெண்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம், நீயும் மகளும் நலமென்று நம்புகிறேன். நான் சட்ட ஆலோசகனாயிருக்கும் இம்மாளிகையில், பெரியவர்கள் கடக்கையில் வேலைக்காரச் சிறுமிகள் சுவரை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும் என்பது விதி. நேற்று அவ்வாறு நின்ற ஒருத்தியிடம் நூலகத்துக்கு வழி கேட்டேன்.

"வலது பக்கம் போங்கய்யா."

என் இடப்பக்கச் சுவரைப் பார்த்து நின்றதால், அவளுடைய வலப்பக்கம் எனக்கு நேர்முன்னே இருந்தது. நானோ என் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே எசமானியம்மாள் தலைவாரிக்கொண்டிருந்தார்!

"எவ சார் வழி சொன்னா? இன்னைக்கே மூட்டை கட்டச் சொல்றேன்" என்றார் சத்தம் கேட்டு ஓடிவந்த, வேலைக்காரர்களின் மேற்பார்வையாளர்.

"முகத்தைக் காட்டக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே? எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

இன்று காலை, சுவர்ப்பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது: "சாப்பிட்டீங்களாய்யா?" இங்கு வந்தபின் என்னை எவரும் அவ்வாறு கேட்டதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. உங்கள் இருவரின் புகைப்படமும் வேண்டும். இருவரும் நேராகப் பார்த்து நில்லுங்கள். தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் கணவன்